கால் பதிக்காத பேரியந்திரம்: வன்னித் தரையிலிருந்து ஒரு வடிவமைப்பு ஆய்வு

அறிவியல் புனைகதையில் மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் பேரியந்திரங்கள் இரண்டு வழிவந்தவை: காலூன்றி நடப்பவை, தரையைத் தொடாமல் மிதப்பவை. நடப்பவற்றின் மூட்டுகள், சமநிலை, பாத அகலம் பற்றி எழுத்தாளர்களும் ஓவியர்களும் நிறையவே யோசித்திருக்கிறார்கள். மிதப்பவற்றைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எதிர்ஈர்ப்பு விசை என்று எழுதியதும் கால்கள் மறைந்துபோகின்றன. கூடவே தரையும் கதையிலிருந்து மறைந்துபோகிறது. அந்தத் தரையை மீட்டெடுப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நிலம், இலங்கையின் வடக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலம்.

போரில் புதைத்த மிதிவெடிகளால், காலை எங்கே வைப்பது என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த நிலம் இது. சில இடங்களில் இன்றும் அப்படித்தான். தரையைத் தொடாமல் செல்லும் இயந்திரம் ஒன்றைக் கற்பனை செய்ய உலகில் எங்காவது உண்மையான தேவை இருந்திருந்தால், அது இங்கே இருந்தது. ஆகவே அத்தகைய இயந்திரம் எப்படி இருக்க முடியும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும், அது யாருக்குப் பயன்படும் என்ற கேள்விகளை இந்த மண்ணை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

கால்கள் மறைந்த வரலாறு

எச்.ஜி.வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்வாசிகள் மூன்று கால் இயந்திரங்களில் வந்தார்கள். 1953இல் ஜோர்ஜ் பால் அதைத் திரைப்படமாகத் தயாரித்தபோது, உயரமான மூன்று கால்களைத் திரையில் நம்பும்படி நடக்கவைப்பது பெரும் சிக்கலாக இருந்தது. கலை இயக்குநர் அல் நொசாக்கி, திருக்கை மீனைப் போலத் தட்டையாக மிதந்து வரும் இயந்திரத்தை வடிவமைத்தார். கண்ணுக்குத் தெரியாத காந்தக் கால்கள் அதைத் தாங்குகின்றன என்ற விளக்கம் கதையில் சேர்க்கப்பட்டது. தயாரிப்பின் தொழில்நுட்பச் சிக்கலொன்று இவ்வாறு ஒரு புதிய வடிவ மரபுக்கு வழிவிட்டது.

ஜப்பானில் 1979இல் தொடங்கிய 'மொபைல் சூட் கண்டம்' அனிமே தொடர் இந்தக் கேள்வியை இன்னும் நேரடியாக எடுத்துக்கொண்டது. அதில் வரும் டொம் என்ற இயந்திரத்துக்குக் கால்கள் உண்டு. ஆனால் பாதங்களிலிருந்து பீறிடும் தாரையால் அது தரைக்கு மேலே வழுக்கிச் செல்கிறது. தொடரின் இறுதியில் வரும் சியோங்குக்குக் கால்களே இல்லை. விண்வெளியில் போரிடும் இயந்திரத்துக்குக் கால் எதற்கு என்ற வாதம் தொடருக்குள்ளேயே முன்வைக்கப்படுகிறது. ஈர்ப்பு இல்லாத இடத்தில் அந்த வாதம் செல்லும். ஈர்ப்பும் மண்ணும் மழையும் உள்ள இடத்தில் அது செல்லுமா என்பதுதான் நம் கேள்வி.

தமிழுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், கருவுற்ற அரசி விசயை மயிற்பொறி ஒன்றில் ஏறித் தப்புகிறாள். பொறியை வலப்புறம் திருப்பினால் அது மேகத்தைப் பிளந்து பறக்கும். இறங்கும்போது கால்களைக் குவித்து அமரும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தக் கற்பனையில் கட்டுப்பாட்டு முறை இருக்கிறது, இறங்கும் முறை இருக்கிறது, கால்கள் தரையில் அமர்வதற்கு மட்டுமே என்ற தெளிவும் இருக்கிறது. பொறி சென்று இறங்கிய இடம் சுடுகாடு என்பதையும் கவனிக்க வேண்டும். பறக்கும் இயந்திரம் எங்கே, எந்த நிலையில் தரையைத் தொடுகிறது என்பதைக் கதையின் திருப்பமாக்கிய புலவர் அவர். பிற்காலத்தில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தந்த ஜீனோவோ நான்கு கால் இயந்திர நாய். நம் நவீன அறிவியல் புனைகதையில் மிதக்கும் பேரியந்திரத்துக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.

தரை ஏன் பகையாகிறது

வன்னியின் பெரும்பகுதியில் காணப்படும் செங்கபில மண் கோடையில் கல்லாக இறுகும். மழையில் ஒட்டிப் பிடிக்கும். ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது வயல்களும் குளத்து வாய்க்கால்களும் களப்போரங்களும் சேறாகிவிடும். இரணைமடுக் குளத்தின் கீழ்நிலங்களில் ஓட்டக்கூடிய உழவு இயந்திரம் நந்திக்கடல் களப்போரத்துச் சதுப்பில் புதைந்துபோகும். இந்த மண்ணில் ஒரு கனத்த இயந்திரம் காலூன்றுவதென்றால் முதலில் பாத அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும்.

பத்து தொன் எடையுள்ள இருகால் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பாதம் ஒரு மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம். நடக்கும்போது முழு எடையும் ஒரு பாதத்தில் விழும் கணத்தில், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1.7 கிலோ அழுத்தம் வருகிறது. மூன்றரை தொன் எடையுள்ள வன்னிக் காட்டு யானை நான்கு காலில் நிற்கும்போது இதில் பாதிகூட வராது. யானையின் பாதம் எடை விழும்போது விரிந்து, தூக்கும்போது சுருங்குவதால் சேற்றிலிருந்து எளிதில் மீள்கிறது. உலோகப் பாதத்துக்கு அந்த வசதி இல்லை. வன்னியின் மாரிகாலத்தில் நடக்கும் பேரியந்திரம் நாலடி வைப்பதற்குள் சேற்றில் சிக்கிக்கொள்ளும்.

இது இயற்கை தந்த தடை. போர் தந்த தடை வேறு. 2000 ஏப்ரலில் இலங்கை இராணுவத்தின் ஆனையிறவுத் தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த பிறகு முகமாலை முன்னரங்கானது. 2009 ஜனவரிவரை அங்கே இரு தரப்பும் மண்ணணைகளுக்கு முன்னால் மிதிவெடிகளைப் புதைத்தன. பாகிஸ்தானியத் தயாரிப்பான பி4, சீனத் தயாரிப்பான வகை 72, புலிகள் தாங்களே செய்த ஜொனி 95, ரங்கன் 99 என்று அவற்றின் பெயர்கள் இங்குள்ள மக்களுக்கும் வெடியகற்றும் பணியாளர்களுக்கும் பழகியவை. இவ்வகை மிதிவெடிகளில் பெரும்பாலானவை 5 முதல் 15 கிலோ வரையான அழுத்தத்திலேயே வெடிக்கக்கூடியவை. ஒரு சிறுபிள்ளையின் எடையே போதும்.

மிதக்கும் இயந்திரத்தின் நியாயம் இந்த இடத்தில் கணக்காகவே தெரிகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு காலை ஊன்றும்போது பாதப் பரப்பு 150 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், சதுர சென்ரிமீற்றருக்கு 0.4 கிலோ அழுத்தம். ஏழு சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெடித்தட்டின் மேல் அது 15 கிலோவாகும். அதே பத்து தொன் இயந்திரம், ஐந்து மீற்றருக்கு நான்கு மீற்றர் காற்றுமெத்தையின் மேல் மிதந்தால் அழுத்தம் 0.05 கிலோதான். அதே தட்டின் மேல் இரண்டு கிலோவுக்கும் குறைவு. நடந்து போகிறவரின் காலைப் பறிக்கும் வெடி, பத்து தொன் இயந்திரத்தை அறியாமலே கிடக்கக்கூடும். கதைக்கு இந்தக் கணக்குப் போதும். களத்தில் இதை நம்பி யாரும் போகக்கூடாது. இழுகம்பியில் இயங்கும் வெடிகள் காற்றுமெத்தையின் ஓரத்தில் சிக்கினாலும் வெடிக்கும்.

மிதப்பின் விலை

நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து எந்த இயந்திரமும் தப்ப முடியாது. காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்க வேண்டும். பத்து தொன் இயந்திரத்தை 20 சதுர மீற்றர் பரப்புள்ள சுழலிகளால் தூக்கி நிறுத்த, இழப்பே இல்லாத இலட்சிய நிலையிலும் ஏறக்குறைய 4,400 கிலோவாற்று வலு தேவை. சுழலிகளின் ஊடே காற்று செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேல், கீழே பாயும். முப்பது சதவீதத் திறனுள்ள டீசல் இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு 1,400 லீற்றருக்கு மேல் எரிக்கும்.

காற்றுமெத்தை ஊர்தி இதில் மிகச் சிக்கனமானது. கிறிஸ்தோபர் கொக்கரெலின் எஸ்.ஆர்.என்.1 ஊர்தி 1959 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது இந்த முறை உலகத்துக்கு அறிமுகமானது. அடைத்துவைத்த காற்றின் மேல் ஊர்தி நிற்கிறது. ஓரத்தில் கசியும் காற்றை ஈடுசெய்ய மட்டுமே வலு செலவாகிறது. நம் பத்து தொன் இயந்திரத்துக்குத் தரையோடு இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி போதும் என்றால் ஏறக்குறைய 100 கிலோவாற்று வலுவில், அதாவது மூன்று உழவு இயந்திரங்களின் எஞ்சின்களால், அதைத் தூக்கி நிறுத்தலாம். இடைவெளியை ஒரு மீற்றராக்கினால் செலவு ஐம்பது மடங்காகிறது. உயரம்தான் விலை. ஓவியத்தில் இயந்திரத்தை ஆளுயரத்தில் மிதக்கவிடும் ஓவியர், அதன் வயிற்றுக்குள் எத்தனை பெரிய எரிபொருள் கலனை வரைகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இடைவெளியைக் குறைக்கத்தான் நெகிழும் பாவாடை போன்ற ஓரம் கட்டப்படுகிறது. வயல் வரம்பை அது நெகிழ்ந்து கடக்கும். ஆனால் வன்னியின் நிலத்தில் பனைமட்டைக் கருக்கு கிடக்கிறது, முட்பற்றைகள் கிடக்கின்றன, போரின் இரும்புத்துண்டுகள் கிடக்கின்றன. எல்லாமே அந்த ஓரத்தைக் கிழிக்கக்கூடியவை. காற்றுமெத்தைக்கு உகந்தது திறந்த நீரும் சேறும் மணலும்தான். இந்தியக் கடலோரக் காவல்படை மண்டபத்திலிருந்து பாக்கு நீரிணையிலும் மணல்திட்டுகளிலும் இத்தகைய ஊர்திகளை ஓட்டுவதற்குக் காரணம் அதுவே. வன்னியில் நந்திக்கடல், கொக்கிளாய்க் களப்பு, ஆனையிறவின் உப்புவெளி ஆகியவை அதற்கான களம்; முல்லைத்தீவுக் காடு அதற்கான களம் அல்ல.

எரிபொருள் என்ற கேள்வி இங்கே வெறும் பொறியியல் கேள்வியாக நிற்பதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் பெற்றோல் கிடைப்பது அரிது. சில துளி பெற்றோலில் உதைத்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களையும், மூட்டைகளையும் நோயாளரையும் ஏற்றிய துவிச்சக்கரவண்டிகளையும் நம்பித்தான் வாழ்க்கை நடந்தது. மணிக்கு 1,400 லீற்றர் எரிக்கும் இயந்திரம் அந்த நிலத்தில் யார் கையில் இருக்கும், யார் தலைக்கு மேலே இருக்கும் என்பதற்கு விடை தானாகவே கிடைத்துவிடுகிறது. மிதக்கும் இயந்திரத்தை வடிவமைப்பவர் அதன் எரிபொருள் வழங்கலையும் வடிவமைக்க வேண்டும். அங்கிருந்துதான் கதையின் அரசியல் தொடங்குகிறது.

பிடிமானம்

காலின் பெரிய பயன் தாங்குவது மட்டுமல்ல, பிடித்து நிற்பதும் கூட. மிதக்கும் இயந்திரத்துக்கு உராய்வு இல்லை. பத்துப் பாகை சாய்ந்து தன் உந்துவிசையாலேயே நிற்க முயலும் இயந்திரம் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்பதற்கு 80 மீற்றர் தேவை. பத்து கிலோ எறிகணையைச் செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்தில் சுட்டால், ஒவ்வொரு சூட்டுக்கும் இயந்திரம் செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் பின்னோக்கி வழுக்கும். கையை நீட்டி ஒரு கொங்கிறீற்றுத் தூணைத் தூக்க முயன்றால், நீட்டிய பக்கமாகவே சரியும். குளக்கட்டின் சரிவில் ஏறும்போது கீழே நழுவும்.

இந்தக் குறைகளை மறைப்பதைவிட வடிவமாக்குவதே நல்ல கற்பனை. வேலை செய்யும்போது தரையில் ஊன்றும் மடக்குத் தாங்கிகள், நிற்பதற்கு மண்ணில் குத்தும் நங்கூரம், எடையை நடுவுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளும் குட்டையான கைகள் ஆகியவை இருக்க வேண்டும். மயிற்பொறி இறங்கும்போது காலைக் குவித்து அமர்ந்ததுபோல, நம் இயந்திரமும் எப்போது அமர வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும்.

தரையில் நகரும் கவசத்துக்கு என்ன நேரும் என்பதற்கு வன்னியின் வாசலிலேயே சாட்சி இருக்கிறது. 1991 ஜூலையில் ஆனையிறவுத் தளத்தின் மீதான தாக்குதலில் புலிகள், புல்டோசர் ஒன்றுக்கு இரும்புக் கவசமிட்டு முன்னே செலுத்தினார்கள். இலங்கை இராணுவத்தின் காமினி குலரத்ன அதன் மேல் ஏறிக் கைக்குண்டுகளால் தாக்கி அதை நிறுத்தினார், அவரும் உயிரிழந்தார். அந்த இயந்திரம் இன்றும் ஆனையிறவில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. தரையில் மெதுவாக நகர்வதை ஒரு மனிதன் ஓடிவந்து எட்டிப்பிடிக்க முடியும். எட்டமுடியாத உயரத்தில் மிதப்பதற்கு எதிரே அந்த மனிதன் என்ன செய்வான்? கால்களை எடுத்துவிடும் வடிவமைப்பாளர் இரு தரப்புக்கும் இடையிலிருந்த கடைசிச் சமத்துவத்தையும் எடுத்துவிடுகிறார். இதை அறிந்து செய்ய வேண்டும்.

கீழே இருப்பவர் காண்பது

மிதக்கும் பேரியந்திரங்களை ஓவியர்கள் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து வரைகிறார்கள். அதற்குக் கீழே வாழ்கிறவர்கள் காண்பது அதன் வயிற்றை. அதற்கும் முன்னால் கேட்பது அதன் சத்தத்தை. போர்க்காலத்தில் ஆளில்லா வேவு விமானத்தை வன்னி மக்கள் வண்டு என்றார்கள். அதன் இரைச்சல் நீண்ட நேரம் வானில் சுற்றிக்கொண்டிருந்தால் அடுத்து என்ன வரும் என்று அறிந்து பங்கருக்கு அருகிலேயே இருந்தார்கள். கிபிர்ப் போர்விமானம் வரும் ஒலியையும், எறிகணை குழாயிலிருந்து கிளம்பும் ஒலியையும் பிள்ளைகள்கூடப் பிரித்தறிந்தார்கள். இயந்திரத்தைக் காதால் வாசித்த மக்கள் இவர்கள்.

ஆகவே மிதக்கும் இயந்திரத்தின் முகம் அதன் அடிப்பகுதி. அங்கே என்ன தெரிகிறது, எந்த ஒலியில் அது நெருங்குகிறது, கோடையில் எத்தனை தூரத்துக்குப் புழுதியைக் கிளப்புகிறது, ஓலைக் கூரையைத் தூக்கி எறியுமா என்பவற்றை முதலில் வடிவமைக்க வேண்டும். மணிக்கு 160 கிலோமீற்றர் காற்றைக் கீழே பாய்ச்சும் இயந்திரம் உதவிக்கு வந்தாலும் தறப்பாள் கொட்டில்களைப் பிய்த்தெறிந்துவிடும். உதவி இயந்திரமும் போர் இயந்திரமும் கீழே இருப்பவருக்கு ஒரே அனுபவமாகிவிடக்கூடாது என்று எழுத்தாளர் எண்ணினால், அந்த வேறுபாட்டை ஒலியிலும் காற்றிலும் காட்ட வேண்டும்.

உள்ளே அமர்பவர்

கால் இல்லாத இயந்திரத்தைப் பற்றி வன்னியிலிருந்து எழுதும்போது, கால் இழந்த மனிதர்களைத் தாண்டிச் செல்ல முடியாது. 1968இல் ஜெய்ப்பூரில் உருவான ஜெய்ப்பூர்க் கால் என்ற பொய்க்கால், 1987இல் யாழ்ப்பாணத்தில் அமைந்த ஜெய்ப்பூர் நிலையத்தின் வழியாக வடக்கின் ஏராளமானோரை மீண்டும் நடக்கவைத்தது. பொய்க்காலோடு வயலில் இறங்குகிறவர்களும், பின்புறம் இரு துணைச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டரில் சந்தைக்குப் போகிறவர்களும் இங்கே அன்றாடக் காட்சி. அவர்களுக்கு இயந்திரம் என்பது உடலின் நீட்சி.

ஜப்பானிய ஓவியர் யாசுவோ ஓதாகாக்கி 2012இல் தொடங்கிய 'கண்டம் தண்டர்போல்ட்' சித்திரக்கதையில், போரில் கை கால்களை இழந்த வீரர்களைக் கொண்ட படைப்பிரிவு ஒன்று வருகிறது. அவர்களின் ஊனமே இயந்திரத்தோடு இணைவதற்கான வாய்ப்பாக இராணுவத்தால் பயன்படுத்தப்படுகிறது. அந்தக் கதை எழுப்பும் கேள்வி கூர்மையானது: இயந்திரம் மனிதருக்கு இழந்ததைத் தருகிறதா, இன்னும் மிஞ்சியிருப்பதையும் எடுத்துக்கொள்கிறதா?

கால் இல்லாத மிதக்கும் இயந்திரம் இதற்கு நல்ல விடையைத் தர முடியும். நடக்கும் பேரியந்திரத்தின் இருக்கை வீட்டுக்கூரை உயரத்தில் இருக்கும். ஏணியில் ஏறத் தெரிந்தவருக்கே அது சொந்தம். மிதக்கும் இயந்திரம் முழுமையாகத் தரையில் அமரும். சக்கரநாற்காலியில் வருபவர் படியில்லாமல் உள்ளே செல்லலாம். மிதிகட்டைகள் வேண்டாம், இரு கைகளாலும் உடலின் சாய்வாலும் இயக்கலாம். புனைகதைகளில் பெரும்பாலும் கவனிக்கப்படாத இந்த வசதிதான், என் பார்வையில், கால்களை நீக்குவதற்கான மிக மனிதநேயமான காரணம்.

தப்பிச் செல்வதும் மீட்டெடுப்பதும்

மிதக்கும் இயந்திரம் மிதிவெடியின் மேலாகச் சென்றுவிடும் என்று கணக்கிட்டோம். ஆனால் அது சென்ற பிறகும் வெடி அங்கேயே கிடக்கும். மறுநாள் அந்த வழியால் மாடு போகும், விறகு பொறுக்கப் பெண்கள் போவார்கள், பிள்ளைகள் போவார்கள். தரையைத் தொடாத இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, தரையைக் காப்பாற்றுவதில்லை.

தரையைக் காப்பாற்றியவர்கள் மண்டியிட்டவர்கள். 2002இலிருந்து ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற சர்வதேச அமைப்புகளும், 2010இலிருந்து டாஷ் போன்ற உள்நாட்டு அமைப்புகளும், இலங்கை இராணுவத்தின் வெடியகற்றும் பிரிவும் வடக்கின் மண்ணைத் துப்புரவு செய்து வருகின்றன. மணற்பாங்கான இடங்களில் கைப்பிடி நீண்ட வாரியால் மண்ணை மெல்ல வாரி வெடியை வெளிக்கொணரும் முறை இங்கே வளர்த்தெடுக்கப்பட்டது. கவசமிட்ட மண்வாரிகளும் பயன்படுகின்றன. என்றாலும் பணியின் மையத்தில் முகக்கவசம் அணிந்து குந்தியிருக்கும் மனிதரே இருக்கிறார். அவர்களில் பலர் பெண்கள். குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்களும் உண்டு. உலோகங்காட்டி மண்ணுக்கு மிக அருகே செல்ல வேண்டும். கீழே காற்றைப் பாய்ச்சும் இயந்திரம் அந்த வேலைக்கு உதவாது. மணலைக் கிளறி அடையாளக் கம்புகளைச் சாய்த்துவிடும். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்த பின்னும் இந்தப் பணி முடிந்துவிடவில்லை.

ஆகவே வன்னிக்குரிய மிதக்கும் பேரியந்திரம் இப்படி இருக்கும்: களப்பிலும் சேற்றிலும் செல்லும் தாழ்ந்த காற்றுமெத்தை உடல், வெடியுள்ள நிலத்துக்கு வெளியே பாதுகாப்பாக அமர்ந்துகொள்ளும் தாங்கிகள், அங்கிருந்து மண்ணை நோக்கி நீளும், எடை குறைந்த, உணர்திறன் மிக்க நீண்ட கை, பொய்க்காலோடு வருபவரும் இயக்கக்கூடிய இருக்கை, கீழே இருப்பவரை அஞ்சவைக்காத ஒலி. நீண்ட கையைத் தாங்கும் சமநிலைக்கு எதிர்ப்பாரம் வேண்டும், எதிர்ப்பாரம் எடையைக் கூட்டும், எடை அழுத்தத்தைக் கூட்டும். இந்த முரண்களைத் தீர்க்கும் உழைப்பிலிருந்தே கதைக்கு உயிர் வரும்.

வன்னியிலும் புலம்பெயர் நாடுகளிலும் அறிவியல் புனைகதை எழுத முனையும் இளையோருக்கு என் வேண்டுகோள் இது. வெளிநாட்டுத் திரைப்படங்களின் இயந்திரங்களை அப்படியே கொண்டுவந்து கிளிநொச்சியின் வானில் நிறுத்தாதீர்கள். உங்கள் மண்ணின் ஈரத்தையும் எடையையும் அளந்து தொடங்குங்கள். முகமாலையில் வாரி பிடித்த பெண்களிடமும், ஜெய்ப்பூர்க் காலோடு நடக்கும் மூத்தவர்களிடமும் அவர்களுக்கு என்ன இயந்திரம் வேண்டும் என்று கேளுங்கள். தமிழ் அறிவியல் புனைகதைக்குத் தேவையான வடிவமைப்பு அறிவு அவர்களிடம் இருக்கிறது.